அரசியலமைப்பு அறிவுப் போட்டிக்குத் தயாராவது எப்படி? 9 முதல் 12 வரை பயிலும் மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

நவம்பர் 26 ஆம் நாள் 2015 முதல் அரசியலமைப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. அதை ஒட்டிப் பள்ளி அளவிலும் அதற்கு மேற்பட்ட நிலைகளிலும் மாணவர்களுக்கு வினாடி வினா, பேச்சு, கருத்துரைப் போட்டிகள் நடத்தப்படுகின்றன. இவற்றுக்குப் பெரும்பாலான மாணவர்கள் தயாராகும் முறை ஒன்றுதான்: ஏதேனும் ஒரு பொது அறிவு நூலிலிருந்து பிரிவு எண்களின் பட்டியலை எடுத்து மனப்பாடம் செய்கிறார்கள். முதல்நிலை எழுத்துத் தேர்வைத் தாண்ட அந்தப் பட்டியல் உதவும். மேடைச் சுற்றில் "இந்தப் பிரிவு ஏன் சேர்க்கப்பட்டது?", "எந்த வழக்குக்குப் பிறகு மாறியது?" என்று வினாக்கள் திரும்பும்போது பட்டியல் கைகொடுக்காது. ஒவ்வொரு முக்கியமான பிரிவுக்குப் பின்னாலும் ஒரு வாதமோ, வழக்கோ, போராட்டமோ இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு படிக்கும் மாணவருக்கு எண்ணும் ஆண்டும் தனியாக உருப்போடாமலேயே நினைவில் தங்கும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த அடிப்படையில்தான் எழுதப்பட்டுள்ளது.

முதல் படி: விதிகளையும் காலத்தையும் கணக்கிடுங்கள்

போட்டி அறிவிப்பு வந்தவுடன் சில செய்திகளைத் தெளிவாகக் கேட்டறிய வேண்டும்: எத்தனை பேர் கொண்ட அணி, எழுத்துத் தேர்வு உண்டா, தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுமா, விடையைத் தமிழில் சொல்லலாமா, கருத்துரைச் சுற்று இருக்கிறதா. கருத்துரைச் சுற்று இருந்தால் தயாரிப்பின் தன்மையே மாறிவிடும் என்பதால் இதை முதல் நாளிலேயே உறுதி செய்துகொள்வது நல்லது.

நவம்பர் இறுதியில் போட்டி என்றால் ஜூலை மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்து குறைந்தது இரண்டு வாரங்களை எடுத்துக்கொள்ளும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களை மூலநூலுக்கும் வழக்குகளுக்கும், அக்டோபரைத் திருத்தங்களுக்கும் எண்களைச் சரிபார்ப்பதற்கும், நவம்பரை முழுக்க மாதிரிச் சுற்றுகளுக்கும் ஒதுக்கலாம். நாளொன்றுக்கு 45 நிமிடங்கள் போதும். ஆனால் அது தொடர்ந்து நடைபெற வேண்டும்.

இரண்டாம் படி: மூலநூலைக் கையில் எடுங்கள்

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூலின் குடிமையியல் பகுதியில் இந்திய அரசியலமைப்பு, நடுவண் அரசு, மாநில அரசு ஆகிய மூன்று பாடங்கள் உள்ளன. தொடக்கத்துக்கு இவை போதும். அதற்கு அடுத்து மேல்நிலை வகுப்பு அரசியல் அறிவியல் நூல்களைப் படிக்கலாம். எனினும் இவை எல்லாம் அரசியலமைப்பைப் பற்றிய நூல்களே. மத்திய சட்ட அமைச்சகத்தின் இணையதளத்தில் அரசியலமைப்பின் முழு வாசகம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. போட்டிக்குச் செல்லும் ஒவ்வோர் அணியிடமும் அதன் ஒரு படியாவது இருக்க வேண்டும் என்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

முதல் வாரத்தில் எந்தப் பிரிவையும் படிக்க வேண்டாம். பொருளடக்கத்தை மட்டும் படித்து, ஒரு பெரிய தாளில் பகுதிகளை வரைந்துகொள்ளுங்கள். முதல் பகுதி ஒன்றியமும் அதன் ஆட்சிப்பரப்பும் (1 முதல் 4), இரண்டாம் பகுதி குடியுரிமை (5 முதல் 11), மூன்றாம் பகுதி அடிப்படை உரிமைகள் (12 முதல் 35), நான்காம் பகுதி அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகள் (36 முதல் 51), ஐந்தாம் பகுதி நடுவண் அரசு (52 முதல் 151), ஆறாம் பகுதி மாநிலங்கள் (152 முதல் 237), பதினைந்தாம் பகுதி தேர்தல்கள் (324 முதல் 329), பதினெட்டாம் பகுதி நெருக்கடி நிலை (352 முதல் 360), இருபதாம் பகுதி திருத்தம் (368) என்று வரைபடம் மனத்தில் பதிந்துவிட்டால், கேட்டிராத ஒரு பிரிவு எண்ணை நடுவர் சொன்னாலும் அது எதைப் பற்றியது என்று ஓரளவு ஊகிக்க முடியும். "165 ஆம் பிரிவு எதைப் பற்றியது?" என்றால், அது ஆறாம் பகுதிக்குள் வருவதால் மாநில ஆட்சித்துறையைச் சேர்ந்தது என்பதும், மாநில அரசின் தலைமை வழக்குரைஞரைப் பற்றியதாக இருக்கக்கூடும் என்பதும் தோன்ற வேண்டும்.

பிரிவுகளைப் படிக்கும்போது ஒரு சொல்லைக்கூடத் தாண்டிச் செல்லக் கூடாது. 14 ஆம் பிரிவு "எந்த நபருக்கும்" சட்டத்தின் முன் சமத்துவத்தை மறுக்கலாகாது என்கிறது. 15 ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு "எந்தக் குடிமகனுக்கும்" எதிராக மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி வேறுபாடு காட்டலாகாது என்கிறது. இந்த இரு சொற்களுக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்துதான் "வெளிநாட்டவருக்கும் கிடைக்கும் உரிமைகள் எவை?" என்ற வினா பிறக்கிறது. 15, 16, 19, 29, 30 ஆகிய பிரிவுகள் குடிமக்களுக்கு மட்டும் உரியவை. 14, 20, 21, 25 போன்றவை இந்த மண்ணில் இருக்கும் எவருக்கும் உரியவை. இதைப் பட்டியலாக உருப்போட்டவர் ஒரு எண்ணை மறந்தால் திணறுவார். வாசகத்தைப் படித்தவர், வாக்குரிமையோ அரசு வேலையோ போன்று குடியுரிமையோடு பிணைந்தது எது, உயிரோடும் உடலோடும் பிணைந்தது எது என்று யோசித்தே விடையை அடைந்துவிடுவார்.

மூன்றாம் படி: உருவான வரலாற்றை நாள்களோடு படியுங்கள்

அரசியல் நிர்ணய சபை முதன்முதலாகக் கூடியது 1946 டிசம்பர் 9 அன்று. தற்காலிகத் தலைவராகச் சச்சிதானந்த சின்கா அமர்ந்தார். டிசம்பர் 11 அன்று இராஜேந்திர பிரசாத் நிலையான தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டிசம்பர் 13 அன்று நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானம் 1947 ஜனவரி 22 அன்று நிறைவேறியது. முகவுரையின் வேர் அதில்தான் இருக்கிறது. 1947 ஆகஸ்டு 29 அன்று அம்பேத்கர் தலைமையில் ஏழு பேர் கொண்ட வரைவுக் குழு அமைந்தது. பி.என். ராவ் அந்தக் குழுவின் உறுப்பினர் அல்லர். அவர் சபையின் அரசியலமைப்பு ஆலோசகர். இந்த வேறுபாடு அடிக்கடி வினாவாக வருகிறது.

குழுவில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் என். கோபாலசாமி ஐயங்காரும் தொடக்கம் முதலே இருந்தார்கள். டி.பி. கைத்தான் மறைந்த பிறகு டி.டி. கிருஷ்ணமாச்சாரி சேர்க்கப்பட்டார். உறுப்பினர்களில் சிலர் விலகியும், மறைந்தும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்தும் போனதால் வரைவுப் பணியின் சுமை அம்பேத்கர் ஒருவர் மீதே விழுந்தது என்று 1948 நவம்பர் 5 அன்று சபையில் எடுத்துச் சொன்னவரும் இதே கிருஷ்ணமாச்சாரிதான். சபையில் இடம்பெற்ற 15 பெண்களில் அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் ஆகிய மூவரும் சென்னை மாகாணத்திலிருந்து சென்றவர்கள். தாட்சாயணி வேலாயுதன்தான் அந்தச் சபையின் ஒரே தலித் பெண் உறுப்பினர்.

இங்கே ஒரு வினாவைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அரசியலமைப்பை உருவாக்க எவ்வளவு காலம் ஆயிற்று? சில நூல்களில் 2 ஆண்டு 11 மாதம் 18 நாள் என்றும், சிலவற்றில் 17 நாள் என்றும் இருக்கும். மாணவர்கள் எது சரி என்று சண்டை பிடிப்பதைவிட, தாளில் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1946 டிசம்பர் 9 உடன் 2 ஆண்டுகளைக் கூட்டினால் 1948 டிசம்பர் 9. அதனுடன் 11 மாதங்களைக் கூட்டினால் 1949 நவம்பர் 9. அங்கிருந்து நவம்பர் 26 வரை 17 நாள்கள். முதல் நாளையும் சேர்த்து எண்ணினால் 18. இரு எண்களும் ஒரே கணக்கின் இரு முடிவுகள் என்று தெரிந்த மாணவர், விருப்பங்களில் எது கொடுக்கப்பட்டிருந்தாலும் குழம்பமாட்டார்.

அதேபோல, 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்டது, 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது என்பதோடு நின்றுவிடக் கூடாது. குடியுரிமை, தேர்தல் ஆணையம், குடியரசுத் தலைவரின் உறுதிமொழி போன்ற சில பிரிவுகள் நவம்பர் 26 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றின் எண்கள் 394 ஆம் பிரிவிலேயே இருக்கின்றன. புதிய குடியரசு தொடங்குவதற்கு முன்பே யார் குடிமக்கள், யார் தேர்தல் நடத்துவார் என்பது தீர்மானமாகியிருக்க வேண்டும் என்ற காரணத்தோடு படித்தால் இது மறக்காது.

நான்காம் படி: வழக்குகளைச் சங்கிலியாகப் படியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. வழக்கின் பெயர், ஆண்டு, தீர்ப்பு என்று மூன்று கட்டங்களில் அட்டவணை போட்டுப் படிப்பதால் பயன் குறைவு. ஒரு தீர்ப்பு நாடாளுமன்றத்தை என்ன செய்ய வைத்தது, அதற்கு அடுத்து நீதிமன்றம் என்ன சொன்னது என்று தொடர்ச்சியாகப் படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இதில் ஓர் இயல்பான தொடக்கம் இருக்கிறது. குடியரசின் முதல் இரண்டு ஆண்டுகளில் அடிப்படை உரிமைகள் குறித்து உச்ச நீதிமன்றம் தீர்த்த மூன்று பெரும் வழக்குகளிலும் எதிர்த்தரப்பு சென்னை மாநில அரசே: ஏ.கே. கோபாலன் வழக்கு (1950), ரொமேஷ் தாப்பர் வழக்கு (1950), செண்பகம் துரைராசன் வழக்கு (1951).

செண்பகம் துரைராசன் வழக்கை முழுமையாகப் பாருங்கள். சென்னை மாநிலத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்கள் வகுப்புவாரி அரசாணையின்படி பகிரப்பட்டு வந்தன. ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் இந்தியக் கிறித்தவர்க்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது அந்தப் பகிர்வு. இதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், அரசாணை செல்லாது என்று முதலில் சென்னை உயர் நீதிமன்றமும் பின்னர் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. தமிழ்நாட்டில் பெரியார் உள்ளிட்டோர் தலைமையில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு ஜூனில் முதலாம் அரசியலமைப்புத் திருத்தம் வந்து, 15 ஆம் பிரிவில் (4) ஆம் உட்பிரிவு சேர்க்கப்பட்டது.

இதுவரை எல்லா வழிகாட்டி நூல்களிலும் இருக்கும். வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் வினா இதற்கு அடுத்தது: அரசாணை எந்தப் பிரிவை மீறியதாக உச்ச நீதிமன்றம் சொன்னது? பெரும்பாலோர் 15 என்பார்கள். விடை 29(2). அரசு நடத்தும் அல்லது அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனத்தில் மதம், இனம், சாதி, மொழி மட்டுமே காரணமாக எந்தக் குடிமகனுக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்பது அந்த உட்பிரிவு. இதை நினைவில் வைத்துக்கொள்ள வழி, 15(4) இன் தொடக்கத்தைப் படிப்பதுதான். இந்தப் பிரிவிலோ 29 ஆம் பிரிவின் (2) ஆம் உட்பிரிவிலோ உள்ள எதுவும், பின்தங்கிய வகுப்பினர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரின் முன்னேற்றத்துக்கான தனி ஏற்பாட்டைத் தடுக்காது என்று அது தொடங்குகிறது. 15 ஆம் பிரிவுக்குள் 29(2) ஏன் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறது என்று ஒருவர் கேட்டுக்கொண்டால், வழக்கின் வரலாறு முழுவதும் அந்த ஒரு வரியிலிருந்தே விரியும். நெறிமுறைக் கோட்பாடுகள் அடிப்படை உரிமைகளை மீற முடியாது என்று உச்ச நீதிமன்றம் அந்தக் காலத்தில் கூறியதும் இதே தீர்ப்பில்தான்; எனவே மூன்றாம் பகுதிக்கும் நான்காம் பகுதிக்கும் இடையிலான உறவு குறித்த வினாக்களுக்கும் இது தொடக்கப் புள்ளி.

பேச்சுரிமைக்கு எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்று சொல்லும் 19(2) க்கும் இப்படிப் படிந்த வரலாறு உண்டு. ரொமேஷ் தாப்பர் நடத்திய இதழ் சென்னை மாநிலத்துக்குள் வருவதற்கு அரசு தடை விதித்தது. பொது ஒழுங்கு என்ற காரணம் அப்போது 19(2) இல் இல்லை என்பதால் தடை வீழ்ந்தது. முதலாம் திருத்தம் "பொது ஒழுங்கு" உள்ளிட்ட காரணங்களையும், கட்டுப்பாடு "நியாயமானதாக" இருக்க வேண்டும் என்ற சொல்லையும் சேர்த்தது. "இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும்" என்ற காரணம் 1963 இல் 16 ஆம் திருத்தத்தால் வந்தது. திராவிட நாடு கோரிக்கை ஒலித்துக்கொண்டிருந்த காலத்தின் பின்னணியை அறியாமல் அந்தத் திருத்தத்தை விளங்கிக்கொள்ள முடியாது. இன்றைய 19(2) ஐ எழுதி, எந்தச் சொல் எந்த ஆண்டில் வந்தது என்று மூன்று நிற மைகளில் குறித்துவைத்தால், ஒரே பக்கத்தில் 13 ஆண்டு வரலாறு கண்ணுக்குத் தெரியும்.

கோபாலன் வழக்கு, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் 21 ஆம் பிரிவின் சங்கிலிக்குத் தலைக்கண்ணி. தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட பொதுவுடைமைத் தலைவரான அவருடைய வழக்கில், சட்டம் வகுத்த நடைமுறை என்ற ஒன்று இருந்தால் போதும் என்ற குறுகிய பொருளைப் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றார்கள். நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டார். 1978 இல் மேனகா காந்தியின் கடவுச்சீட்டு வழக்கில், அந்த நடைமுறை நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருக்க வேண்டும் என்றும், 14, 19, 21 ஆகியவை ஒன்றோடொன்று பிணைந்தவை என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. 2017 இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என அறிவித்தனர்.

மற்றொரு சங்கிலி திருத்தும் அதிகாரத்தைப் பற்றியது. 1967 இல் கோலக்நாத் வழக்கில் அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் வகையில் நாடாளுமன்றம் திருத்தம் செய்ய முடியாது என்று நீதிமன்றம் சொன்னது; 1971 இல் 24 ஆம் திருத்தத்தின் மூலம், எந்தப் பகுதியையும் திருத்தும் அதிகாரம் தனக்கு உண்டு என்று நாடாளுமன்றம் மறுமொழி சொன்னது; 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்வு 7க்கு 6 என்ற பெரும்பான்மையில், எந்தப் பகுதியையும் திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. அந்த நாளை மறக்கக் கூடாது. ஏனெனில் 2007 இல் ஐ.ஆர். கொயல்கோ தமிழ்நாடு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 1973 ஏப்ரல் 24 க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் (அடிப்படை உரிமைகளை மீறுகின்றன என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்யாதபடி பாதுகாக்கப்படும் சட்டங்களின் பட்டியல்) சேர்க்கப்பட்ட சட்டங்களை அடிப்படைக் கட்டமைப்பு என்ற உரைகல்லில் சோதிக்கலாம் என்று ஒன்பது நீதிபதிகள் கூறினர். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994 இல் 76 ஆம் திருத்தத்தின் வழியாக அதே அட்டவணையில்தான் இடம்பெற்றது. இவ்வாறு தொடர்புபடுத்திப் படித்தால், தனித்தனியாகப் பத்து விடைகளாகத் தோன்றியவை ஒரே கதையின் பகுதிகளாகிவிடும்.

ஐந்தாம் படி: ஆட்சி அமைப்பை எண்களோடு சரிபாருங்கள்

இந்தப் பகுதியில் ஆபத்து, பழைய எண்கள்தான். மக்களவையின் அதிகபட்ச எண்ணிக்கை 552 என்று இன்னும் பல நூல்களில் அச்சாகிறது. அதில் 2 இடங்கள் ஆங்கிலோ இந்திய நியமன உறுப்பினர்களுக்கு உரியவை. 104 ஆம் திருத்தத்துக்குப் பின் 2020 ஜனவரியிலிருந்து அந்த நியமனம் நீட்டிக்கப்படாததால், 81 ஆம் பிரிவின்படி மாநிலங்களிலிருந்து 530, ஒன்றியப் பகுதிகளிலிருந்து 20 என 550 என்பதே இன்றைய நிலை. நடைமுறையில் உள்ள இடங்கள் 543. எட்டாவது அட்டவணையின் மொழிகள் 14 இல் தொடங்கி, சிந்தி (1967), கொங்கணி, மணிப்புரி, நேபாளி (1992), போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி (2003) ஆகியவை சேர்ந்து 22 ஆயின. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் எண்ணிக்கை தலைமை நீதிபதியையும் சேர்த்து 8 ஆகத் தொடங்கி 2019 இல் 34 ஆனது. மாறக்கூடிய எண்கள் அனைத்துக்கும் தனிக் குறிப்பேடு வைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் அது எந்தச் சட்டத்தால், எந்த ஆண்டில் மாறியது என்று எழுதுங்கள்.

சில எண்களைக் கணக்கிட்டே பார்க்க வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176. 1971 மக்கள்தொகைக் கணக்கின்படி மாநிலத்தின் மக்கள்தொகை 4,11,99,168. அதை 234 உறுப்பினர்களால் வகுத்து, வரும் எண்ணை 1000 ஆல் வகுத்தால் 176.06, மீதி 500 க்குக் குறைவாதலால் 176. கணக்கைப் போட்டு முடித்ததும், ஏன் இன்னும் 1971 என்ற கேள்வி எழ வேண்டும். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதனாலேயே பிரதிநிதித்துவத்தை இழக்கக் கூடாது என்பதற்காக 42 ஆம் திருத்தம் கணக்கை நிறுத்திவைத்தது. 84 ஆம் திருத்தம் அதை 2026 க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. தொகுதி மறுவரையறை பற்றி நாளிதழ்களில் நடக்கும் விவாதத்துக்கும் இந்தச் சிறு கணக்குக்கும் உள்ள தொடர்பைச் சொல்லத் தெரிந்த அணி கருத்துரைச் சுற்றில் தனித்து நிற்கும்.

நாடாளுமன்ற நடைமுறையில் கூட்டுக் கூட்டம் (108), பண மசோதா (110), மாநிலங்களவைக்கு அதில் உள்ள 14 நாள் வரம்பு ஆகியவற்றைத் தெளிவாகப் படியுங்கள். அரசியலமைப்புத் திருத்த மசோதாவுக்குக் கூட்டுக் கூட்டம் கிடையாது என்பதும், கூட்டுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் மக்களவைத் தலைவர் என்பதும் நடுவர்கள் விரும்பிக் கேட்கும் வினாக்கள். மாநில அளவில், சென்னை மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என மாறியது 1969 ஜனவரி 14 அன்று. பெயரை மாற்றும் அதிகாரம் 3 ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கு உரியது. சட்ட மேலவை 1986 நவம்பர் 1 அன்று கலைக்கப்பட்டது. அதற்கான வழி 169 ஆம் பிரிவு.

ஆறாம் படி: திருத்தங்களைக் காரணத்தால் வகைப்படுத்துங்கள்

நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களை வரிசையாகப் படிப்பது வீண். 42 ஐயும் 44 ஐயும் இணையாகப் படியுங்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 இல் வந்த 42 ஆம் திருத்தம் முகவுரையில் "சமதர்ம", "சமயச்சார்பற்ற", "ஒருமைப்பாடு" ஆகிய சொற்களைச் சேர்த்தது. அடிப்படைக் கடமைகளைக் கொண்டுவந்தது. 1978 இல் வந்த 44 ஆம் திருத்தம் நெருக்கடி நிலையை எளிதில் அறிவிக்க முடியாதபடி, "உள்நாட்டுக் குழப்பம்" என்ற காரணத்தை நீக்கி "ஆயுதம் தாங்கிய கிளர்ச்சி" என்று மாற்றியது. 20, 21 ஆகிய பிரிவுகளை எந்த நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது என்றது. சொத்துரிமையை அடிப்படை உரிமையிலிருந்து எடுத்து 300-ஏ பிரிவுக்குக் கொண்டுபோனது. பட்ட காயமும் அதற்கு இட்ட மருந்துமாக இவ்விரண்டும் நினைவில் நிற்கும்.

86 ஆம் திருத்தம் (2002) ஒரே நேரத்தில் மூன்று இடங்களைத் தொட்டது: 21-ஏ வாகக் கல்வி உரிமை, 45 ஆம் பிரிவின் மாற்றம், பெற்றோரின் கடமையாக 51-ஏ வின் பதினோராவது கடமை. வாக்குரிமை வயதை 18 ஆக்கிய 61 ஆம் திருத்தம், உள்ளாட்சிக்கான 73, 74, கட்சித் தாவலுக்கான 52, சரக்கு மற்றும் சேவை வரிக்கான 101 ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். மகளிர் இடஒதுக்கீட்டுக்கான 106 ஆம் திருத்தம் (2023), அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் மறுவரையறையும் முடிந்த பிறகே இடஒதுக்கீடு செயல்பாட்டுக்கு வரும் என்று தன் வாசகத்திலேயே கூறுகிறது.

ஏழாம் படி: நடப்புச் செய்தியைப் பிரிவோடு பொருத்துங்கள்

நாளிதழில் வரும் அரசியல் செய்திகளில் வாரத்துக்கு இரண்டை எடுத்து, அதற்குரிய பிரிவைத் தேடி எழுதுங்கள். ஆளுநரின் ஒப்புதல் பற்றிய செய்தி வந்தால் 200 ஆம் பிரிவைத் திறக்க வேண்டும். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றும், மசோதாக்கள் மீது முடிவெடுக்கக் கால வரம்புகளை வகுத்தும் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் குடியரசுத் தலைவர் 143 ஆம் பிரிவின்கீழ் கேட்ட கேள்விகளுக்கு, அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அவ்வாறு கால வரம்பு விதிக்க முடியாது என்று கருத்துரைத்தது. முதல் செய்தியோடு நிறுத்திவிட்ட மாணவர் மேடையில் பாதி விடைதான் சொல்வார். ஆகவே ஒரு செய்தியைக் குறித்துவைத்தால், அதன் அடுத்த கட்டத்தையும் தேடித் தேதியிட்டு எழுதும் பழக்கம் வேண்டும்.

எட்டாம் படி: அணியாகப் பயிற்சி செய்யுங்கள்

மூவர் அணி என்றால் பாடத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம்: ஒருவர் வரலாறும் உரிமைகளும், ஒருவர் நடுவண், மாநில அரசுகளும் தேர்தலும், ஒருவர் வழக்குகளும் திருத்தங்களும். ஆனால் முகவுரை, அடிப்படை உரிமைகள், நீதிப்பேராணைகள் (உரிமைகளைக் காக்க நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணைகள்) ஆகியவை மூவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஐந்து நீதிப்பேராணைகளையும் பெயரால் மட்டும் படிக்காமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு சூழலை உருவாக்கிப் பாருங்கள். காவல் நிலையத்தில் அண்ணன் மூன்று நாளாக வைக்கப்பட்டிருக்கிறான் என்றால் ஆட்கொணர் நீதிப்பேராணை. தகுதியில்லாத ஒருவர் பொதுப் பதவியில் அமர்ந்திருக்கிறார் என்றால் தகுதி முறை வினவும் நீதிப்பேராணை. உயர் நீதிமன்றம் 226 ஆம் பிரிவின்கீழ் அடிப்படை உரிமைக்கு மட்டுமன்றி வேறு சட்ட உரிமைகளுக்கும் பேராணை பிறப்பிக்கலாம். உச்ச நீதிமன்றத்தின் 32 ஆம் பிரிவு அடிப்படை உரிமைகளுக்கானது.

பயிற்சியில் மிகுந்த பலன் தருவது வினாக்களை மாணவர்களே எழுதுவது. வாரம் ஒருமுறை ஒவ்வொருவரும் பத்து வினாக்கள் எழுதி மற்ற இருவரிடம் கேட்க வேண்டும். தவறான மூன்று விருப்பங்களையும் அவரே அமைக்க வேண்டும். நம்பத்தகுந்த தவறான விடையை அமைக்க முயலும்போதுதான் எது எதோடு குழம்பும் என்பது புரியும். மணியழுத்தும் சுற்றுக்குத் தனிப் பயிற்சி தேவை. வினாவின் பாதியிலேயே அழுத்தும் ஆசையை அடக்க, "ஆனால்", "தவிர", "அல்லாதது எது" போன்ற சொற்கள் வினாவின் கடைசியில் வரக்கூடும் என்பதை மாதிரிச் சுற்றில் திரும்பத் திரும்ப உணர்த்துமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: கருத்துரைச் சுற்றுக்கு ஒரு வழக்கை ஆழமாகப் படியுங்கள்

மாணவர்களுக்கு மிகவும் நெருக்கமான வழக்கு பிஜோ இம்மானுவேல் வழக்கு (1986). கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சமயத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், காலை வழிபாட்டில் தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையோடு எழுந்து நின்றார்கள். ஆனால் தங்கள் சமய நம்பிக்கையின் காரணமாகப் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி இடம்பெற்ற அமர்வு, பேச்சுரிமைக்கான 19(1)(ஏ), மனச்சான்று உரிமைக்கான 25(1) ஆகிய பிரிவுகளின்படி அந்த நீக்கம் செல்லாது என்று தீர்ப்பளித்துப் பிள்ளைகளை மீண்டும் சேர்க்கச் சொன்னது. எழுந்து நின்றதே மரியாதை. பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்பது தீர்ப்பின் மையம்.

இதை வைத்து அணிக்குள் இரு தரப்பாக வாதிடுங்கள். ஒருவர் தேசிய கீதத்தை மதிக்கும் கடமையைச் சொல்லும் 51-ஏ வை எடுத்து வாதிடட்டும். மற்றவர் மனச்சான்று உரிமையை எடுக்கட்டும். மூன்றாமவர் நீதிபதியாக இருந்து, சட்டம் எது, விருப்பம் எது என்று பிரித்துக் காட்டட்டும். மேடையில் பேசும்போது முதல் வாக்கியத்தில் நிலைப்பாடு, அடுத்து பிரிவு, அடுத்து வழக்கு, பின்னர் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு மறுமொழி என்ற வரிசையில் இரண்டு நிமிடத்துக்குள் முடிக்கப் பழகுங்கள். எதிர்த்தரப்பு வாதத்தை நேர்மையாக எடுத்துச் சொல்லி மறுக்கும் மாணவருக்கு நடுவர்கள் கூடுதல் மதிப்பெண் தருகிறார்கள், அது நியாயமும்கூட.

பத்தாம் படி: இறுதி வாரமும் போட்டி நாளும்

கடைசி வாரத்தில் புதிய செய்தி எதையும் சேர்க்க வேண்டாம். மாறிய எண்களின் குறிப்பேடு, பகுதிகளின் வரைபடம், வழக்குச் சங்கிலிகள் ஆகிய மூன்றை மட்டும் திருப்பிப் பாருங்கள். போட்டி நாளில் அரசியலமைப்பின் படியையும் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். தெரிந்த விடையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். "21-ஏ, 86 ஆம் திருத்தம், 2002" என்றால் போதும். கேட்காத விளக்கத்தில் ஒரு சொல் தவறினாலும் முழு விடையும் தவறாகக் கருதப்படலாம்.

வினா நடத்துபவரின் விடைத்தாள் பழையதாக இருக்க நேரிடும். அப்போது அணித்தலைவர் மட்டும் எழுந்து, அடுத்த வினா தொடங்குவதற்குள், "ஐயா, 81 ஆம் பிரிவின் இப்போதைய வாசகத்தையும் 104 ஆம் திருத்தத்தையும் பார்த்து முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்" என்று பிரிவு எண்ணோடு, பணிவாக, ஒரே வாக்கியத்தில் முறையிட வேண்டும். பக்கத்தைத் திறந்து நடுவரிடம் கொடுக்க ஆயத்தமாக வைத்திருங்கள். முறையீடு ஏற்கப்படாவிட்டால் அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த வினாவுக்குச் செவி கொடுங்கள். சுற்று முடிந்த பிறகு பொறுப்பாசிரியர் வழியாக எழுத்து மூலம் மீண்டும் தெரிவிக்கலாம்.